முதுகு வலியா, முரட்டுத்தனமா? உதைக்கிற குதிரைக்கு முதலில் யாரைக் கூப்பிடுவது

"குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்" என்று ஒரு பழமொழி உண்டு. தள்ளப்பட்டவர் பக்கத்திலிருந்து சொன்ன பழமொழி அது. குதிரையைக் கேட்டிருந்தால் சேணத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கும்.

என்னிடம் கேட்பவர்களின் கதை கிட்டத்தட்ட ஒரே அச்சு. போன வருடம் வரை ஒழுங்காக இருந்த குதிரை, இப்போது சேணத்தைக் கையில் எடுத்தாலே காதை மடக்குகிறது, வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறது, ஏறி உட்கார்ந்தால் முதுகைப் பள்ளமாக்கிக் கொள்கிறது, கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்குக் கேட்டால் பின்னங்காலைத் தூக்கித் துள்ளுகிறது. மேய்ச்சல் வேலிக்குள் பார்த்தால் பரி, சேணம் போட்டதும் நரி. டாக்டரைக் கூப்பிடவா, சேணம் சரி செய்பவரையா, மசாஜ் செய்பவரையா, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கவா, இல்லை கண்டிப்பான பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு மாதம் விட்டுவிடவா? லாயத்தில் ஐந்து பேர் இருந்தால் ஆறு யோசனை வரும், அத்தனையும் அடித்துச் சொல்லப்படும்.

இந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது. நாம் தப்பு செய்வது பெரும்பாலும் வரிசையில். கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்கிறோம், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்கிறோம்.

## ஒப்பிட நேரமில்லாத நிலைமைகள்

பின்னங்கால் எங்கே விழுகிறது என்று குதிரைக்கே தெரியாத மாதிரி தள்ளாடினால், சின்ன வட்டத்தில் திருப்பும்போது கால்கள் ஒன்றோடொன்று பின்னினால், அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அந்தக் குதிரை மேல் ஏறவே கூடாது. வேலைக்குப் பிறகு பின்புறத் தசை கட்டை மாதிரி இறுகி, வியர்த்து, நகர மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்துகொண்டிருக்கிறது. வலுக்கட்டாயமாக நடக்க வைக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மல்லாந்து விழுந்த பிறகு மாறிப்போன குதிரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அப்படி விழும்போது கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் இருக்கும் நீண்ட எலும்புகள் உடைவது உண்டு.

மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். இந்த வழி காரணத்தைக் காட்டுமா, இல்லை அறிகுறியை மட்டும் அடக்குமா? குதிரை சரியானால், எதனால் சரியானது என்று சொல்ல முடியுமா? நம் ஊகம் தப்பாக இருந்தால் அடி யாருக்கு விழும்? இதில் போகும் காலத்தில் உள்ளே இருக்கும் கோளாறு வளருமா?

இவற்றில் இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் புதுச் சேணம், மசாஜ், வயிற்றுப்புண் மருந்து, புது லாடம், தீனி மாற்றம். குதிரை பாதி சரியாகிறது. எது வேலை செய்தது? தெரியாது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் எதை மறுபடி செய்வது? அதுவும் தெரியாது. பணம் ஐந்து இடத்தில் போயிருக்கும், பதில் ஒன்றுகூடக் கையில் இருக்காது. அவசரமில்லாத மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, இடையில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள்.

மறைந்த செலவு என்று நான் சொல்வதில் பணம் ஒரு பங்குதான். ஏறுபவரின் எலும்பு, குதிரை நம் மேல் வைத்திருக்கிற நம்பிக்கை, போன மாதங்கள், எல்லாம் அதில் சேரும்.

## எல்லா வழிக்கும் முன்னால்: வீடியோ

இதற்கு ஒரு பைசா ஆகாது. இரண்டு பக்கமும் நடை, டிராட் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்), கேன்டர். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில். ஆள் ஏறியும் ஏறாமலும். ஏறினால் ஆபத்து என்று தோன்றுகிற குதிரையை ஏறாமல் மட்டும் எடுங்கள், வீடியோவுக்காக ஒரு முறை விழ வேண்டியதில்லை. சேணம் போடும்போதும் வார் இறுக்கும்போதும் முகத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஏறி ஓட்டும்போது குதிரை வலியைக் காட்டுகிற 24 செயல்களைப் பட்டியல் போட்டு 2018இல் வெளியிட்டார்கள். காதைப் பின்னால் மடக்கி 5 வினாடிக்கு மேல் வைத்திருப்பது, கண்ணில் வெள்ளை தெரிவது, வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பது, வாலை ஓயாமல் வீசுவது, தலையைச் சாய்ப்பது, தப்பான காலில் கேன்டர் எடுப்பது, இடறுவது, முன்னே போக மறுப்பது, துள்ளுவது, முன்னங்காலைத் தூக்கி நிற்பது, இப்படிப் போகும். 24இல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை, மூட்டு வலி இருக்க வாய்ப்பு அதிகம். 8க்குக் குறைந்தால் வலி இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு: துள்ளுவதும் கடிப்பதும் கடைசிக் கட்டம், அதற்கு முன் குதிரை பல மாதம் முகத்தால் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைப் பழைய வீடியோவில் நாமே பார்த்துவிடலாம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

## 1. கால்நடை மருத்துவரின் முழுப் பரிசோதனை

காரணத்தைக் காட்ட அதிக வாய்ப்புள்ள வழி இது என்பதால் முதலில் வைக்கிறேன். "முதுகைப் பாருங்கள்" என்று சொல்லிக் கூப்பிட்டால் முதுகை மட்டும் தடவிவிட்டுப் போகக்கூடும். "இந்தக் குதிரையை வேலை செய்யும்போது பாருங்கள்" என்று கூப்பிடுங்கள்.

ஏனென்றால் முதுகு வலிக்கிறது என்பதும் முதுகில்தான் கோளாறு என்பதும் வேறு வேறு. பின்னங்காலில் வலி இருக்கும் குதிரை உடம்பைக் கோணலாகத் தாங்கி, முதுகுத் தசையை இறுக்கி இறுக்கி, கடைசியில் முதுகும் வலிக்கத் தொடங்கும். இரண்டு பின்னங்காலிலும் சமமாக வலித்தால் நொண்டுவது கண்ணுக்கே தெரியாது. உந்து விசை குறையும், அடி குட்டையாகும், கேன்டரில் இரண்டு பின்னங்காலையும் முயல் மாதிரி சேர்த்துப் போடும், அவ்வளவுதான். சில குதிரைகள் ஆள் ஏறினால் மட்டுமே காட்டும். அதனால் கையில் பிடித்து நேர்க்கோட்டில் ஓடவிட்டு "நொண்டவில்லை" என்று முடிக்கிற பரிசோதனை பாதிப் பரிசோதனை.

முதுகுக்குள்ளேயே இருக்கிற கோளாறுகளில் அதிகம் பேசப்படுவது கிஸ்ஸிங் ஸ்பைன்ஸ். குதிரைக்கு மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் மேல்நோக்கி ஒரு முள் நீண்டிருக்கும். அந்த முட்கள் நெருங்கி ஒன்றையொன்று தொட்டு உரசுவதுதான் இது, பெரும்பாலும் சேணம் உட்காரும் இடத்திலேயே வரும். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயில் முட்கள் உரசுகிற குதிரைகளில் நிறையப் பேருக்கு வலியே இருப்பதில்லை. படத்தைப் பார்த்ததும் "ஆ, இதுதான்" என்று தாவாமல், அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நடத்தை மாறுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிற மருத்துவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கால்களுக்கும் இதே முறைதான்.

மறைந்த செலவு: ஒரே வருகையில் முடியாது. மரப்பு ஊசிகளுக்கே அரை நாள் போய்விடும், எக்ஸ்ரே, ஸ்கேன், சில சமயம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயணம். காப்பீடு எடுத்திருந்தால், ஒரு முறை பதிவான கோளாறை அடுத்த ஆண்டுப் பாலிசியில் விலக்கி வைக்கலாம். விதிகளை முன்பே படித்துவிடுங்கள். சில குதிரைகளுக்கு இவ்வளவும் செய்தபின் "தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை" என்ற பதிலும் வரும். அதுவும் பதில்தான், வெறும் ஊகத்தோடு நிற்பதை விட மேல்.

எப்போது இதுவே முதல் வழி: நடத்தை திடீரென்று மாறியிருந்தால், முன்பு சுலபமாகச் செய்ததை இப்போது மறுத்தால், ஒரு பக்கத்தில் மட்டும் மோசமாக இருந்தால், ஏறுபவருக்கு ஆபத்தாக இருந்தால்.

## 2. சேணத்தைச் சரிபார்ப்பது

இதில் பாதியை நீங்களே பார்க்கலாம். கீழே துணி, மெத்தை எதுவும் இல்லாமல் சேணத்தை வைத்து, தோள் எலும்புக்குப் பின்னால் உட்காருகிறதா என்று பாருங்கள். பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதற்கு அப்பால் விலாவின் தாங்கல் கிடையாது. நடுவில் முதுகெலும்புக்கு மேல் ஓடும் இடைவெளி எங்கும் முள்ளைத் தொடக் கூடாது, ஆள் உட்கார்ந்த பிறகும். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் பாலம் மாதிரி நிற்கிறதா, ஊஞ்சல் மாதிரி ஆடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வேலை முடிந்து இறக்கியதும் சுற்றிலும் வியர்வை இருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே அழுத்தம் என்று சந்தேகப்படுங்கள். வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு.

குறுகலான சேணத்துக்குக் கீழே தடிமனான மெத்தை வைத்துச் சமாளிப்பவர்கள் நிறைய. இறுக்கமான செருப்புக்குள் கம்பளிக் காலுறை போட்ட கதை அது.

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாது: சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் சேணத்தைத்தான் முதலில் குற்றம் சொல்வோம். ஆனால் பின்னங்கால் நொண்டலும் சேணத்தைச் சரிய வைக்கும். மரப்பு ஊசியால் அந்த வலியை நிறுத்தியதும் சேணம் நேராக உட்கார்ந்ததை மேலே சொன்ன டைசனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஏறுபவர் கோணலாக உட்கார்ந்தாலும் சரியும். வேறு ஆள், வேறு சேணம் வைத்தும் அதே பக்கம் சரிகிறது என்றால் காலைப் பாருங்கள்.

எடையும் இங்கேதான் வரும், தர்மசங்கடமான பேச்சு என்றாலும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரையின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்தார்கள். 25, 30 ஆனபோது தசை வலியும் இறுக்கமும் கூடின. 450 கிலோ குதிரைக்கு 20 சதவீதம் என்றால் 90 கிலோ, சேணமும் சேர்த்து. தசையில்லாத, வயதான, முதுகு வலிக்கிற குதிரைக்கு அதுவே அதிகம்.

மறைந்த செலவு: குதிரையின் முதுகு ஒரே வடிவத்தில் நிற்பதில்லை. வேலை கூடினால் தசை ஏறும், ஓய்வில் இறங்கும், பருவத்தோடு கொழுப்பு மாறும். இன்று அளவெடுத்த சேணம் ஆறு மாதத்தில் பொருந்தாமல் போகலாம், கம்பளி அடைத்த சேணம் என்றால் அடைப்பும் அமுங்கும். வலியால் தசை வற்றிப்போன முதுகுக்கு அளவெடுத்துப் புதுச் சேணம் வாங்குவது எல்லாவற்றிலும் வீண். குணமாகித் தசை வந்ததும் அது குறுகிவிடும். அந்த இடைக்காலத்துக்கு இரவல் சேணம், அல்லது சரிசெய்யக்கூடியது. சேணம் விற்பவரே பொருத்தம் பார்ப்பவராகவும் இருந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அன்றைக்கே வாங்காதீர்கள்.

எப்போது இது முதல் வழி: புதுச் சேணம் வந்த பிறகு தொடங்கிய தொந்தரவு, எடை ஏறி இறங்கிய குதிரை, சேணமில்லாமல் நீளக்கயிற்றில் ஓடும்போது நன்றாகவும் சேணத்தோடு மோசமாகவும் இருக்கும் குதிரை. (சேணமில்லாமலும் மோசமென்றால் இங்கே காலம் போக்க வேண்டாம், ஒன்றாம் எண்ணுக்குப் போங்கள்.)

## 3. மசாஜ், பிசியோதெரபி, "முதுகை எடுத்துவிடுவது"

ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். "எலும்பு விலகியிருந்தது, தட்டி உள்ளே தள்ளிவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரை டன் மிருகத்தின் முதுகெலும்பு, அவ்வளவு தடித்த தசைக்கும் நாருக்கும் உள்ளே இருப்பது, கையால் தட்டினால் போய் உட்காராது. உண்மையிலேயே விலகியிருந்தால் அந்தக் குதிரை உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்காது.

ஆனால் இறுகிய தசை தளர்வது உண்மை. குதிரைக்குச் சுகமாக இருப்பதும் உண்மை. நல்ல பிசியோதெரபிஸ்ட் கை வைத்ததும் "இங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கூப்பிடலாம்.

காரணம் கண்டுபிடித்த பிறகு இந்த வழி தங்கம். கேரட்டைக் காட்டிக் கழுத்தைப் பக்கவாட்டிலும், மார்புக்கும், முன்னங்கால்களுக்கு நடுவிலும் கொண்டுவரச் செய்கிற பயிற்சி இருக்கிறதே, அது விளையாட்டு மாதிரி தெரியும். மூன்று மாதம், வாரத்துக்கு 5 நாள் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டிப் பிடித்திருக்கும் ஆழமான தசை பெருத்ததை 2011இல் வெளியான ஆய்வில் ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறார்கள். ஆள் ஏறாமலேயே கிடைக்கிற பலன்.

மறைந்த செலவு: நான்கு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் பழைய கதை, மறுபடி கூப்பிடுவீர்கள். இப்படி ஒரு வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஆறுதல் கிடைப்பதால் பரிசோதனை தள்ளிக்கொண்டே போகும். அதே இடம் மூன்று முறை திரும்ப இறுகினால் அதை இறுக்குகிற ஏதோ ஒன்று வேறெங்கோ இருக்கிறது. இன்னொன்று, மருத்துவர் வருவதற்கு முதல் நாள் மசாஜ் செய்து வைக்காதீர்கள். அவர் பார்க்க வேண்டியதைத் துடைத்து வைத்த மாதிரி.

## 4. மருந்து கொடுத்துப் பார்ப்பது

இதில் இரண்டு வகை. முதலாவது வலி மருந்துச் சோதனை: மருத்துவர் சொல்கிற அளவில் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற ஒன்றைச் சில நாள் கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்ப்பது. மாறினால் வலி இருந்தது என்று உறுதி, எங்கே என்று தெரியாது. மாறாவிட்டால்? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "மருந்து கொடுத்தும் துள்ளுகிறது, அப்போ திமிர்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில வலிகள் இந்த மருந்துக்குக் கட்டுப்படவே கட்டுப்படாது. தவிர, பல மாதம் வலித்த குதிரை வலி நின்ற மறுநாள் மறந்துவிடாது. அதனால் "ஆம்" என்ற பதிலை நம்புங்கள், "இல்லை" என்ற பதிலை நம்பாதீர்கள்.

மறைந்த செலவு இதில் அதிகம். இந்த மருந்துகள் வயிற்றையும் பெருங்குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அளவு கூடினாலும் நாள் நீண்டாலும். இரண்டு வலி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. போட்டிக் குதிரை என்றால், மருந்து உடம்பை விட்டுப் போகும் வரை போட்டியில் இறங்க முடியாத தடைக்காலக் கணக்கு தனி. என்ன காயம் என்று தெரியாமல் வலியை மறைத்து ஓட்டினால் சின்னக் கிழிசல் பெரிதாகலாம்.

இரண்டாவது வயிற்றுப்புண் மருந்து. வார் இறுக்கும்போது கடிப்பது, விலாவைத் தொட்டால் சிலிர்ப்பது, தீனியைப் பாதியில் விடுவது, இதையெல்லாம் முதுகு என்று நினைத்தால் வயிறாக இருக்கும். குதிரையின் வயிறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதை ஆற்றுகிற உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் வரும். மணிக்கணக்காகப் புல் இல்லாமல் நிற்கவைத்து, தானியத் தீனியை அள்ளிக் கொட்டி, வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் அமிலம் மேலே தெறிக்கிறது. புண் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவை உள்ளே விட்டு வயிற்றைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பார்க்காமலே ஒமிப்ரசோல் ஒரு மாதம் கொடுப்பது எங்கும் நடக்கிறது, சில சமயம் கைகொடுக்கவும் செய்கிறது. ஆனால் வயிற்றின் கீழ்ப்பகுதியில் வரும் புண் ஒமிப்ரசோலுக்கு மட்டும் சரியாகப் பணியாது. அதோடு, காலிலோ முதுகிலோ இருக்கும் வலியின் அழுத்தத்தால் வந்த புண் என்றால், மருந்தை நிறுத்தியதும் திரும்பி வரும். ஏறுவதற்கு முன் கொஞ்சம் உலர்புல் கொடுப்பது மட்டும் எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாதது, நாளைக்கே தொடங்குங்கள்.

## 5. ஓய்வு

மலிவானது, மனசுக்கு இதமானது, தகவல் குறைவாகக் கொடுப்பது. புதிதாகப் பட்ட காயத்துக்கும் தசைநார் கிழிசலுக்கும் மருத்துவர் கணக்குப் போட்டுச் சொல்கிற ஓய்வு அவசியம். மற்றபடி, "ஆறு வாரம் விட்டேன், நன்றாகிவிட்டது, ஏறிய பத்தாம் நாள் மறுபடி" என்றால் குணமாகவில்லை, குறிப்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதுகுக்கு ஓய்வின் மறைந்த செலவு தசை. முள்ளெலும்புகளைத் தாங்கிப் பிடிப்பதே தசைதான், கொட்டடியில் நிற்க வைத்தால் அது கரையும், திரும்பி வரும்போது முதுகு இன்னும் பலவீனம். ஓய்வென்றால் திறந்த வெளியில் நடமாடுகிற ஓய்வாக இருக்கட்டும். மருத்துவர் வர மூன்று வாரம் ஆகும் என்றால் அதுவரை ஏறாமல் இருப்பது நிச்சயம் சரி.

## 6. பயிற்சியாளர்

இந்த இடத்தில் என் சொந்தக் கதை. என்னிடம் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இருக்கிறாள். கேன்டர் கேட்டால் இடது பக்கம் மட்டும் துள்ளுவாள், இரண்டு முறை என்னைக் கீழே போட்டிருக்கிறாள். ஒரு பயிற்சியாளரிடம் ஆறு வாரம் விட்டேன். நல்ல மனிதர், அடிக்கிறவர் இல்லை. திரும்பி வந்தபோது பேசாமல் ஓடினாள். காது அசையவில்லை, வால் ஒட்டிக் கிடந்தது, கண் எங்கேயோ. நான் அதை அமைதி என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறை விழுந்தேன், இந்த முறை மணிக்கட்டு. அப்புறம்தான் மருத்துவர் வந்தார்; இடது பின்னங்காலில், நடுவில் மடங்குகிற மூட்டுக்குக் கீழே பின்புறம் தொடங்குகிற சஸ்பென்சரி என்ற தசைநாரில்தான் வலி. மரப்பு ஊசி போட்டு இருபது நிமிடத்தில் இடது கேன்டரில் ஒரு துள்ளல் இல்லை.

பயிற்சியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்டதை அவர் கொடுத்தார். வலி இருக்கும் குதிரையிடம் பயிற்சி "வேலை செய்தால்" நடப்பது இதுதான்: எச்சரிக்கை செய்வது நின்றுபோகும், காரணம் அப்படியே இருக்கும். நான்கு அளவுகோலிலும் மோசமாக வருகிற வழி, முதலில் செய்தால். தப்பாகப் போனால் அடி குதிரைக்கும் விழும், ஏறுபவருக்கும் விழும்.

ஆனால் வலியெல்லாம் போன பிறகு இவர் இல்லாமல் முடியாது. "கேன்டர் என்றால் வலி" என்று ஒரு வருடம் கற்றுக்கொண்ட குதிரை, வலி போனாலும் அந்தப் பாடத்தோடுதான் இருக்கும். துள்ளினால் ஆள் இறங்கிவிடுவார் என்பதையும் கற்றிருக்கும். அதை அழித்து எழுதப் பொறுமையான ஆள் வேண்டும்.

முதலிலேயே பயிற்சியாளரிடம் போகலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற நிலைமைகளும் உண்டு. சரியாகப் பழக்கப்படாமலே விற்கப்பட்ட இளம் குதிரை. துணைக் குதிரையை விட்டுப் பிரிந்தால் மட்டும் வருகிற கலாட்டா. ஒரே ஒருவர் ஏறினால் மட்டும் வருகிற தொந்தரவு. கடைசியாகச் சொன்னதில் பயிற்சி குதிரைக்கு இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் கை கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், கூரான பல் விளிம்பு கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் எந்தக் கையும் பாரமாகத்தான் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம் தெரியுமா | தப்பானால் யாருக்கு அடி | மறைந்த செலவு | எப்போது முதலில் |
|---|---|---|---|---|
| முழுப் பரிசோதனை | பெரும்பாலும் | பணப்பைக்கு | பல வருகைகள், காப்பீட்டு விலக்கு | திடீர் மாற்றம், ஒரு பக்கம் மட்டும், ஆபத்து |
| சேணம் | சேணமே காரணமானால் | பணப்பைக்கு | முதுகு மாற மாற மறு அளவு | புதுச் சேணத்துக்குப் பின், எடை மாறிய பின் |
| மசாஜ், பிசியோ | அரிதாக | காலத்துக்கு | ஆறுதலால் பரிசோதனை தள்ளிப்போதல் | முதலில் வேண்டாம், குணமாகும்போது |
| மருந்துச் சோதனை | பாதி | குதிரையின் வயிற்றுக்கு | மறைந்த காயம் வளர்தல் | மருத்துவர் சொன்னால் மட்டும் |
| ஓய்வு | இல்லை | தசைக்கு | திரும்ப வலுவேற்றும் மாதங்கள் | புதுக் காயம், மருத்துவர் வரும் வரை |
| பயிற்சியாளர் | இல்லை | ஏறுபவருக்கும் குதிரைக்கும் | எச்சரிக்கை அடங்கிப்போதல் | பழக்கப்படாத குதிரை, ஏறுபவரின் கோளாறு |

## கிஸ்ஸிங் ஸ்பைன்ஸ் என்று உறுதியானால்: ஊசியா, அறுவையா

இதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். முட்களுக்கு இடையில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்களோ மாதங்களோ குறைக்கும். அந்தக் காலத்தை ஓட்டுவதற்குப் பயன்படுத்தினால் வீண். முதுகைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, ஆள் இல்லாமல் வேலை செய்ய வைத்துத் தசை ஏற்றினால் லாபம். பல குதிரைகளுக்கு இதுவே போதும், அதனால் நான் எப்போதும் இதில்தான் தொடங்கச் சொல்வேன்.

அறுவையில் இரண்டு முறை. உரசுகிற முள்ளின் நுனியைச் செதுக்கி எடுப்பது ஒன்று, முட்களுக்கு இடையில் இருக்கும் நாரை வெட்டிவிடுவது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் மயக்கிப் படுக்க வைக்காமல், தூக்கமருந்து கொடுத்து நிற்க வைத்தே செய்யப்படுகின்றன. நார் வெட்டுவது சின்னக் கீறல், ஆறுவது சீக்கிரம். ஆனால் எலும்பு எலும்பாகவே இருக்கும், எல்லா முதுகுக்கும் ஒத்துவராது. எதைச் செய்தாலும் அதன்பிறகு மாதக்கணக்கில் படிப்படியான பயிற்சி உண்டு. அதற்கு நேரமும் ஆளும் இல்லை என்றால் அறுவை செய்து பயனில்லை. அந்த வீட்டுக்கு, குதிரையை ஏறும் வேலையிலிருந்து விடுவித்து மேய விடுவது நேர்மையான தேர்வு. விற்பது என்றால் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். மறைத்து விற்றால் அடுத்து விழப்போவது யாரோ ஒருவரின் பிள்ளை.

என் செவலைக்கு எட்டு மாதம் ஆனது. இப்போது இடது கேன்டர் வெண்ணெய். ஆனால் வாரைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் காது மடங்குகிறது, இரண்டு வருடம் கழித்தும். சேணத்தைப் பார்த்தாயிற்று, வயிற்றைப் பார்த்தாயிற்று, முதுகைப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஒரு துளை மாட்டி, பத்து அடி நடத்தி, அடுத்த துளை மாட்டுகிறேன். மூன்றாவது துளைக்குள் காது நிமிர்ந்துவிடுகிறது.